மாம்பால் பட்டுக் கறுத்த கத்தி

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அப்பாவின் கத்தியைக் கெடுத்து வைத்தேன்.

அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பா மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுபவர். ஆனி பிறந்தால் ஆவணி முடியும்வரை காலை ஆறு மணிக்கு நாற்றங்காலில் உட்காருவார். ஒரு நாளைக்கு 200 கன்றாவது கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த வேலைக்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, மூன்று அங்குல அலகு. அலகு முழுவதும் கரும்பலகை போலக் கறுத்திருக்கும். விளிம்பில் மட்டும் வெள்ளி நூல் ஓடியதுபோல ஒரு வெளுப்பு. அவர் மேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அந்தக் கத்தியை எடுத்தேன். தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்து, கை வலிக்கத் தேய்த்தேன். சாயங்காலம் பார்த்தால் கத்தி கண்ணாடியாக மின்னியது. அப்பா வந்து பார்க்கட்டும் என்று துவைக்கிற கல்லின் மேல் அப்படியே வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் அதன் மேல் செம்மண் புள்ளிகள் வைத்தாற்போலத் துரு ஏறியிருந்தது.

அப்பா திட்டவில்லை. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாயி, அது அழுக்கு இல்லை. கத்திக்குத் தோல் அது. தோலை உரித்துவிட்டாயே" என்றார். பிறகு சாணைக்கல்லை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முழுவதும் ஒட்டு வேலை நடக்கவில்லை.

இப்போது எனக்கு இருபது வயது. மதுரையில் இயற்பியல் படிக்கிறேன். அந்தக் 'கத்தித் தோல்' என்றால் என்ன என்று தேடப் போய்த்தான் மடக்குக் கத்திகளின் மேல் எனக்கு இத்தனை ஆசை வந்தது. என்னிடம் இருப்பவை மொத்தம் மூன்று. மூன்றும் துருப்பிடிக்கக் கூடியவை. துருப்பிடிக்காத கத்தியும் ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். இணையத்தில் எடுத்த அந்தக் கத்தியின் பூட்டு, கொய்யா நறுக்கும்போது தானாகவே விட்டுக்கொடுத்து ஆள்காட்டி விரலில் இறங்கியது. அதற்காக எவர்சில்வரையே குறை சொல்ல மாட்டேன். பூட்டைச் சரியாகச் செய்யாததுதான் குற்றம். ஆனாலும் அதன் மேல் எனக்குப் பிரியம் வரவில்லை. ஒரு வருடம் கழித்தும் அது வாங்கிய அன்று இருந்ததைப் போலவேதான் இருந்தது.

துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்குக் குறைந்தது பத்தரைப் பங்கு குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாக எஃகை மூடிக்கொள்கிறது. கார்பன் எஃகில் அந்தப் போர்வை கிடையாது. இரும்போடு நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் கரி சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் தொட்டதெல்லாம் அதன் மேல் பதியும். மாங்காயின் புளிப்பு, பாக்கின் துவர்ப்பு, நெல்லிக்காய், வாழைப்பூ என எது பட்டாலும் இரும்பு அதோடு சேர்ந்து நிறம் மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் இது. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் கலந்தால் கறுப்பு. வாழைப்பூ நறுக்குகிற ஒவ்வொரு முறையும் கத்தியின் மேல் கொஞ்சம் மை ஏறுகிறது என்று சொன்னால் தப்பில்லை. இப்படிக் கறுத்த அலகில் செந்துரு சுலபமாகப் பிடிப்பதில்லை. அப்பா தோல் என்று சொன்னதற்கு இதுதான் பொருள்.

அவர் கத்தியைக் கறுக்க வைத்தது மாம்பால். காம்பைக் கிள்ளினால் பீறிட்டு வருமே, மேலே பட்டால் தோலையே புண்ணாக்கும், அந்தப் பால். இருபது வருட மாம்பால் ஏறிய கறுப்பைத்தான் நான் ஒரே சாயங்காலத்தில் தேய்த்துப் போக்கியிருக்கிறேன்.

ஒட்டுக் கத்திக்கு ஏன் இந்த எஃகுதான் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு கன்றை எடுத்துச் செய்து காட்டினார். மாங்கொட்டை முளைத்துப் பத்துப் பதினைந்து நாள் ஆன கன்று. இலை இன்னும் செம்பு நிறத்தில் இருந்தது. தலையைக் கொய்துவிட்டுத் தண்டை நடுவே பிளந்தார். தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவினார். பக்கத்துக்கு ஓர் இழுப்புத்தான். இரண்டாவது முறை கத்தியை வைத்தால் சீவிய முகம் மேடும் பள்ளமுமாகிவிடும். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்று புகுந்து கன்று பட்டுப்போகும். அதற்காகவே ஒட்டுக் கத்தியின் அலகை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, மறுபக்கத்தைத் தட்டையாக விட்டிருப்பார்கள். அந்த ஓர் இழுப்புக்குச் சவரக்கத்தியின் கூர் வேண்டும். முப்பது நாற்பது கன்றுக்கு ஒரு முறை கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பழைய கூர் திரும்ப வேண்டும். கார்பன் எஃகு கல்லுக்கு உடனே இணங்கிவிடும்.

என்னுடைய முதல் கத்தி பிரான்சிலிருந்து வந்தது. விடுதியில் என் அறைத்தோழி புதுச்சேரிக்காரி. அவளுடைய மாமா குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். நான் எந்நேரமும் கத்திப் பேச்சே பேசுவதைக் கேட்டவள், ஒரு விடுமுறைக்குப் பிறகு ஓப்பினெல் 8ஆம் எண் கத்தியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பீச் மரப் பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. கையில் இருப்பதே தெரியாத எடை. அலகில் ஒரு முத்திரை: ஆசி கூறுவதுபோல விரல்களை உயர்த்திய கை, அதற்கு மேல் ஒரு கிரீடம்.

அதை முதலில் செய்த ழோசப் ஓப்பினெல், ஆல்ப்ஸ் மலையில் சவோய் பகுதியைச் சேர்ந்தவர். 1890இல் முதல் கத்தியைச் செய்தபோது அவருக்கு வயது பதினெட்டுத்தான். அவருடைய அப்பா கோடாரியும் கவாத்துக் கத்தியும் அடித்துக்கொடுத்த ஊர்க் கொல்லர். மகன், சுற்றியிருந்த குடியானவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள மலிவான கத்தி ஒன்றை யோசித்தார். 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். அலகு விரலில் மடங்கிவிடாதபடி கழுத்தில் சுழலும் இரும்பு வளையம் 1955இல்தான் சேர்ந்தது. பிடி, அலகு, இரண்டு வளையம், ஓர் ஆணி. இதற்கு மேல் அதில் கழற்ற ஒன்றுமில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கப் பிறந்த கத்தி என் கையில் பனங்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அதில் ஒரு குறையும் இல்லை.

போன ஐப்பசி மழையில் அது என்னை ஒரு வாரம் தவிக்க வைத்தது. நனைந்த பையில் கிடந்து பிடி ஊதிவிட்டது. அலகு வெளியே வரவே இல்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். பிறகுதான் சவோய்க்காரர்களின் வழி தெரிந்தது. பிடியின் பின்முனையைக் கட்டையில் ஓங்கித் தட்டினால் அலகின் முதுகு தானே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்தால் போதும். பிடியை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, உள்பள்ளத்தில் தேன்மெழுகை உருக்கி விட்டேன். அதன் பிறகு இதுவரை ஊதவில்லை. அலகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும்.

பெரியவர்கள் இதைப் பேனாக்கத்தி என்பார்கள். ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தியின் பெயர்தான் அப்படி நம்மிடம் வந்து தங்கிவிட்டது. அதனால் மடக்குக் கத்தியே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மேலூர்ப் பக்கம் எங்களுக்கு உறவுமுறையில் ஒரு வீடு. பல தலைமுறைகளாக ஊர்க்கணக்கு எழுதிய குடும்பம். அங்கே பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மடக்கெழுத்தாணி கிடைத்தது. ஒரு சாண் நீளத்துக்கு மரப்பிடி. ஒரு முனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் சின்னக் கத்தி, மறுமுனையில் எழுத ஊசிமுனை. இரண்டும் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். இடுப்பில் செருகிக்கொண்டு போவார்களாம். கத்தியும் பேனாவும் ஒரே பிடிக்குள் இருக்கின்றன. பேனாக்கத்தி என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது? அரைமணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மல் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் ஊரிலேயே ஒரு மடக்குக் கத்தி செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறினால் வழியில் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பேரே அந்த ஊருக்குப் பாரமாகவும் இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பெண் கத்தி பிடிக்கும் என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். கதிர் அறுப்பது, தேங்காய் வெட்டுவது, வேலி கழிப்பது, கிடாய் உரிப்பது எல்லாம் இதே இரும்புதான். பத்தாயிரம் வேலைக்குப் போகிற கருவியை ஒரு கொலையை வைத்துப் பேசுவது அதை அடித்தவருக்குச் செய்கிற அநியாயம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். கோவிலுக்குப் போகும்போது என் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். அது இடம் அறிந்து நடப்பது. வெட்கம் அல்ல.

பட்டறையில் இருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். லாரியின் அடியில் சுமை தாங்கும் கமான் பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறோம், அதில் ஒரு துண்டு தரட்டுமா என்று கேட்டார். நான் பையிலிருந்து ஒரு பழைய தட்டை அரத்தை எடுத்தேன். எங்கள் ஊர்த் தச்சர் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைச் சாணைச் சக்கரத்தில் வைத்தார். பொறி நீளமாக ஓடாமல், பக்கத்திலேயே பூப்பூவாக வெடித்தது. "கரி நிறைய இருக்கிறது, பாப்பா. கமான் பட்டை இப்படிப் பூக்காது. இது ஆப்பிள் வெட்டுகிற இரும்பு, எலும்பு வெட்டுகிற இரும்பு இல்லை" என்றார். பட்டறை வேலை பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அரிவாள் அடி தாங்க வேண்டும், அதனால் கரி குறைந்த, வளைந்துகொடுக்கும் இரும்பு. என் கத்தி மெல்லிதாக இருந்து சீவினால் போதும்.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. முதல் வாரம் அரத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். அரத்தின் விறைப்பு அப்போதுதான் இறங்குமாம். அடுத்த வாரம் அடித்தார். துருத்தி இப்போது இல்லை, மின்விசிறிதான் ஊதுகிறது. சீமைக்கருவேலங்கரி சடசடவென்று வெடித்துக்கொண்டே இருந்தது. மகன் சம்மட்டி போட, இவர் சின்னச் சுத்தியலால் அடிக்க வேண்டிய இடத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

துவைச்சலுக்கு, அதாவது காய்ந்த அலகைத் தண்ணீரில் தோய்ப்பதற்கு முன், அது மிளகாய்ப்பழ நிறத்துக்கு வந்தது. நான் கொண்டுபோயிருந்த காந்தத்தை ஒரு கம்பியில் கட்டி நீட்டினேன். ஒட்டவில்லை. 770 பாகை செல்சியஸைத் தாண்டினால் இரும்பு காந்தத்துக்கு மசியாது என்று வகுப்பில் எழுதிக்கொண்டது அங்கே என் கண்ணெதிரே நடந்தது. காந்தம் ஒட்டாமல் போன கொஞ்ச நேரத்திலேயே பெரியவரும் அலகைக் குறட்டோடு வெளியே எடுத்துவிட்டார். அவர் நிறத்தை மட்டும்தான் பார்த்தார். விளிம்பை மட்டும் தண்ணீரில் காட்டினார். 'சுர்' என்று அடங்கியது. உடனே செங்கல் துண்டால் அலகைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டு வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக விளிம்பை நோக்கி இறங்கியது. முதுகுப் பக்கம் நீலம், அதற்குக் கீழே கத்தரிப்பூ நிறம், அதற்கும் கீழே வைக்கோல் மஞ்சள். மஞ்சள் விளிம்பைத் தொட்ட நொடியில் முழு அலகையும் தண்ணீருக்குள் போட்டார். இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் கூர் நிற்காது, முன்னாலேயே போட்டிருந்தால் விளிம்பு பொரிந்து உதிரும்.

பிடிக்கு வைரம் பாய்ந்த புளியங்கட்டை. பூட்டு வைக்கவில்லை. பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த ஹிகோனோகாமி என்ற கத்தியின் படத்தைக் காட்டித்தான் அந்த வாலைக் கேட்டேன். பெரியவர் கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவனும் நம்ம ஆள்தான்" என்றார்.

கத்தி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. முதல் நாள் நெல்லிக்காயில் சாம்பல் நிறம் ஏறியது. மூன்றாம் நாள் வாழைப்பூவில் முனையிலிருந்து பாதிவரை கறுத்தது. ஆட்டுக்கறி நறுக்கியபோது மயில் கழுத்து நீலம் ஒரு திட்டாகப் படிந்தது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மாம்பால் இன்னும் படவில்லை, ஆனிக்கு நாள் இருக்கிறது. அப்பா இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். இரண்டு முறையும் கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்துவிட்டுக் கல்லில் இழுத்துக் கொடுத்தார்.

ஆணி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அலகு பக்கவாட்டில் ஒரு நூல் ஆடுகிறது. சனிக்கிழமை திருப்பாச்சேத்திக்குப் போய் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்பத்தா அவருடைய அரிவாள்மனையையும் எடுத்து வைத்திருக்கிறார், கூர் தட்டி வாங்கி வரச் சொல்லி. கறுப்பில் கை வைக்கக் கூடாது என்று ஆசாரியிடம் சொல் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.