அரசாங்கம் ஓட்டினால் ரயில் ஓடாதா?

போன மாதம் தங்கச்சியின் மகன் லண்டனிலிருந்து வந்திருந்தான். பிறந்ததே அங்கேதான், வயது இருபத்தாறு, தமிழ் நன்றாகவே பேசுவான், ஆனால் வெயிலும் வரிசையும் அவனுக்கு ஒத்துவராது. ஒரு காணிப் பத்திரத்தின் பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) மூன்று நாள் அலைந்துவிட்டு, நாலாம் நாள் திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் கதிரையில் வந்து விழுந்தான். "மாமா, அரசாங்கம் நடத்துற ஒண்டும் உருப்படாது. எங்கட ஊரிலயும் முந்தி அப்பிடித்தானாம். பிரிட்டிஷ் ரெயில்காரர் சரிஞ்சு விழுற ரயில் ஒண்டு செய்து வெக்கப்பட்டவையாம், அப்பா சொல்லுவார்."

சரிஞ்சு விழுற ரயில்! அவன் சொன்னது ஏபிடியை, அதாவது அட்வான்ஸ்ட் பாசெஞ்சர் ட்ரெயின். அது ஒருநாளும் விழவில்லை, வளைவில் சாயும், சாய்வதற்கென்றே செய்தார்கள். என் பெரியப்பா ரயில்வேயில் வேலை செய்தவர், இந்த ரயில் பைத்தியம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது, ஆகவே யாராவது ஏபிடியைப் பற்றி வாய் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அன்றைக்குத் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை பேசியும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "அரசாங்கம் நடத்தினால்" கதை. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபர் 1. ஓட்டியது ஜப்பான் அரசின் ரயில்வே. பாரிஸ், லியோன் பாதையில் பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி ஓடத் தொடங்கியது 1981 செப்டம்பர். அதுவும் பிரான்ஸ் அரசின் ரயில்வே. பிரித்தானிய ரயில்வே அரசுடைமையானது 1948 ஜனவரி 1. மூன்று பேரும் ஒரே சாதி, ஒருவன் மட்டும் தடுக்கி விழுந்தான் என்றால் காரணத்தைச் சாதியில் தேடக்கூடாது. அரசு காசை எப்படிக் கொடுத்தது, கொடுத்துவிட்டு எத்தனை நாள் பொறுத்தது என்றுதான் தேட வேண்டும்.

கதை 1955இல் தொடங்குகிறது. யுத்தத்தில் தேய்ந்துபோன ரயில்வேயைப் புதுப்பிக்க 124 கோடி பவுணில் பெரிய திட்டம் ஒன்று போட்டார்கள். போட்டது சரி, செலவழித்த விதம்தான் பிழை. டீசல் இன்ஜின்களைப் பரீட்சித்துப் பார்க்காமலே பல கம்பனிகளிடம் பல மாதிரிகளில் வாங்கினார்கள், அவற்றில் பல சில வருடங்களிலேயே பழைய இரும்பாகப் போயின. சரக்கெல்லாம் லொறிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கப் பிரமாண்டமான யார்டுகளைக் கட்டினார்கள். டீசல் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, மற்றப் பக்கம் 1960 வரைக்கும் நீராவி இன்ஜினும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகக் கட்டிய 'ஈவினிங் ஸ்டார்' ஐந்தே வருடத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டது. (இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா நம்மூர் எம்2 இன்ஜின்களை இழுப்பார். 1954இல் கொழும்புத் திட்டத்தில் கனடா தந்தவை, அவர் இளைப்பாறிய பிறகும் ஓடின, அவர் செத்த பிறகும் ஓடுகின்றன. அதற்கு முந்திய வருடம் பிரித்தானியாவிலிருந்து வந்த எம்1 எங்கே என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.)

1962இல் பிரித்தானிய ரயில்வேயின் நட்டம் 10 கோடி பவுணைத் தாண்டியது. அடுத்த வருடம் ரயில்வேத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்து ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு திறைசேரி ரயில்வேயைப் பார்த்த பார்வை, கடை போட்டு முதலையும் தின்றுவிட்டு வந்த மகனைத் தகப்பன் பார்க்கிற பார்வைதான். காசு கேட்டால் கொடுப்பான், ஆனால் இந்த வருடத்துக்கு மட்டும், அதுவும் பாதி, அதுவும் ஏன் எதற்கு என்று நூறு கேள்வி கேட்டுவிட்டு.

இந்த நிலைமையில் ஷின்கான்சென் மாதிரி ஒரு புதுப் பாதை வேண்டும் என்று யார் போய்க் கேட்பது? ஜப்பான் 515 கிலோமீட்டருக்கு நேராக, வளைவை விரித்து, மலையைக் குடைந்து, முழுக்கப் புதிதாகத் தண்டவாளம் போட்டது. பிரித்தானியாவிடம் இருந்தது விக்டோரியா மகாராணி காலத்துப் பாதை, ஆற்றோரமும் குன்றோரமும் வளைந்து வளைந்து போகும். அதைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டுவது எப்படி என்பதுதான் டார்பி நகரத்து ஆராய்ச்சிக்கூடத்திடம் போன கேள்வி. அங்கே ஆலன் விக்கன்ஸ் என்று ஒருவர், விமானத் தொழிலிலிருந்து 1962இல் வந்தவர். வேகம் கூடினால் ரயில் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் முற்றினால் ரயில் தடம் புரளும். அந்த ஆட்டத்தின் கணக்கை அவரும் அவருடைய ஆட்களும் அவிழ்த்தார்கள். அது சின்ன வேலை இல்லை.

அடுத்தது வளைவு. வேகமாக வளைவில் போனால் தண்டவாளம் தாங்கும், ரயிலும் தாங்கும், உள்ளே இருக்கிறவர் கையில் உள்ள தேத்தண்ணிதான் தாங்காது. சைக்கிளில் முடக்கு திரும்பும்போது நாம் உட்பக்கம் சாய்கிறோமே, அதையே பெட்டியும் செய்தால் என்ன என்று கேட்டார்கள். 9 பாகை வரை சாயக்கூடிய பெட்டி, மணிக்கு 250 கிலோமீட்டர் இலக்கு. அருமையான யோசனைதான், எனக்கு அதில் இன்றைக்கும் ஆசை. ஆனால் கூர்ந்து பார்த்தால், திறைசேரி போட மறுத்த பாதையின் வேலையை ரயில் பெட்டியின் அடியில் கொண்டுபோய்க் கட்டினார்கள். சாய்க்கும் ஹைட்ராலிக், அதை உணர்கிற கருவி, புது மாதிரி பிரேக், புது மாதிரி சக்கரம், எல்லாம் ஒரே ரயிலில், எல்லாம் முதல்முறை. ஒன்று பிழைத்தாலும் முழு ரயிலும் நிற்கும்.

யோசனை பிறந்தது அறுபதுகளின் நடுவில். பாதிக் காசை போக்குவரத்து அமைச்சு தர ஒத்துக்கொள்ளவே நாளானது. பரிசோதனை ரயில் முதன்முதல் வெளியே ஓடியது 1972 ஜூலை 25. ஓடி முடிந்த கையோடு சாரதிகள் சங்கம் அதைத் தொடமாட்டோம் என்றது, காரணம் உள்ளே ஒரேயொரு சாரதி ஆசனம்தான் இருந்தது, இரண்டாவது ஆளின் வேலை போய்விடும் என்ற பயம். பயம் நியாயம்தான், ஆனால் அதோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விட்டது. பிறகு 1973 எண்ணெய் நெருக்கடி. பரிசோதனை ரயில் காஸ் டர்பைனில் ஓடுவது, எண்ணெயைக் குடிக்கும்.

இங்கேதான் பிரான்சைப் பாருங்கள். அவர்களுடைய முதல் டிஜிவியும் காஸ் டர்பைன்தான், 1972 டிசம்பரிலேயே 318 கிலோமீட்டர் வேகம் தொட்டது. அதே நெருக்கடி அவர்களுக்கும் வந்தது. டர்பைனைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள், 1974இல் அரசு புதுப் பாதைக்குச் சம்மதம் கொடுத்தது, ஏழு வருடத்தில் ஆட்கள் ஏறினார்கள். பிரித்தானியாவும் மின்சாரத்துக்கு மாறியது. ஆனால் ஆட்களை ஏற்றக் கட்டியது மூன்றே மூன்று ரயில்.

அந்த மூன்றின் அமைப்பு ஒரு பகிடி. மேலே மின்கம்பியைத் தொடுகிற கை இரண்டு இருந்தால், முதல் கை கம்பியை அலைய வைக்க, பின்னால் வருகிற கை துள்ளும். ஒரு கைதான் என்றானதும் இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாக வேண்டும், 25,000 வோல்ட்டைச் சாய்கிற பெட்டிகளின் கூரைமேல் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே இன்ஜின் இரண்டும் ரயிலின் நடுவில். பயணிகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை, ஒரு ரயிலுக்குள் இரண்டு ரயில், சாப்பாட்டுக் கவுண்டரும் இரண்டு.

ஆனாலும் ஓடியது. 1979 டிசம்பரில் 261 கிலோமீட்டர் வேகம். 1981 டிசம்பர் 7ஆம் தேதி கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு ஆட்களோடு முதல் பயணம், 4 மணி 14 நிமிடம். வழக்கமான ரயிலுக்கு ஐந்து மணி நேரம் பிடித்த பாதை அது. அந்த வாரமே எல்லாம் குழம்பியது. கடும் குளிரில் பிரேக் உறைந்தது, சாய்வு சில பெட்டிகளில் வேலை செய்யவில்லை, ஏறிய பத்திரிகைக்காரருக்கு வயிற்றைப் புரட்டியது. (முதல் நாள் இரவு ஓசிச் சாராயம் கூடிவிட்டது என்று ரயில்வேப் பக்கம் ஒரு கதை உண்டு. இருக்கலாம்.)

ஏன் புரட்டியது என்பது திருகோணமலைக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூதூர் லாஞ்சில் கீழே உட்கார்ந்தவர்தான் முதலில் வாந்தி எடுப்பார், மேலே நின்று கரையைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. கீழே கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரியும், உடம்பு மட்டும் ஆடும். ஏபிடியில் இது தலைகீழ். பெட்டி அவ்வளவு கச்சிதமாகச் சாய்ந்ததால் வளைவை உடம்பு உணரவே இல்லை, ஆனால் ஜன்னலில் வயலும் வேலியும் சரிந்து எழும்பின. கண்ணும் உடம்பும் சண்டை பிடித்தால் வயிறுதான் பலி. மருந்து என்ன தெரியுமா, சாய்வைக் கொஞ்சம் குறைப்பது. அவ்வளவுதான். கண்டும் பிடித்தார்கள். ஆனால் அதற்குள் தொலைக்காட்சியும் பத்திரிகையும் கைகொட்டிச் சிரித்து முடித்துவிட்டன, சிரிப்புக்கு ஆளான ரயிலுக்குத் திறைசேரி இன்னொரு சதம் கொடுக்குமா?

மருமகனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இதே அரசு ரயில்வே, இதே டார்பி நகரம், அதே நேரத்தில் இன்னொரு ரயிலும் செய்தது. பழைய பாணிப் பொறியியலாளர்களுக்கு விமானக்காரரின் சாய்கிற ரயிலில் நம்பிக்கை இல்லை. டெரி மில்லர் என்ற தலைமைப் பொறியியலாளர், தெரிந்த சாமான்களை வைத்தே ஒரு டீசல் ரயில் செய்து தருகிறேன் என்று 1970இல் நின்றார். முன்னும் பின்னும் ஒவ்வொரு இன்ஜின், சாய்வு கிடையாது, வேகம் 201 கிலோமீட்டர், பழைய சிக்னல்களுக்கு இடையே இருந்த தூரத்துக்குள்ளேயே நிற்கும். ஏபிடி வரும்வரைக்கும் ஒப்புக்கு என்றுதான் அதைச் செய்தார்கள். 1973 ஜூனில் 230 கிலோமீட்டர், டீசலுக்கு உலக சாதனை. 1976 அக்டோபரில் இன்டர்சிட்டி 125 என்ற பெயரில் ஆட்களை ஏற்றத் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் நாட்டின் முக்கியப் பாதைகளில் ஓடியது. ஒப்புக்குச் செய்த ரயில் உலகப் புகழ்பெற்றது, நாட்டின் பெருமைக்கென்று செய்த ரயில் யார்டில் நின்றது. அரசாங்கம் நடத்துகிறதெல்லாம் உருப்படாது என்றால் இது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அப்புறம் ஏபிடிக்காகப் பரிந்து பேச ஆள் இல்லாமல் போனது. அது நோயாளியாக நின்ற அந்த மாதங்களிலேயே அரசு ரயில்வேயைப் பற்றி இன்னோர் ஆய்வுக்கு உத்தரவிட்டிருந்தது, 1983இல் வெளிவந்த செர்பெல் அறிக்கை. சுமார் 10,000 மைல் பாதையை 1,630 மைலாகச் சுருக்கலாம் என்பதும் அதிலே ஒரு யோசனை! வீட்டையே விற்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் மாடி கட்டக் காசு கேட்டால் எப்படியிருக்கும்? 1984இல் திருத்திய ஏபிடியைச் சத்தமில்லாமல், கால அட்டவணையில் பெரிதாகப் போடாமல் ஓட்டினார்கள். நன்றாகவே ஓடியது. பிறகு நிறுத்தி, பெரும்பகுதியை இரும்புக்குப் போட்டார்கள்.

லண்டனிலிருந்து வடக்கே போகும் கிழக்குப் பாதையில் பிறகு வந்த இன்டர்சிட்டி 225 என்ற மின்சார ரயிலுக்கும் அதே கதி. பெயரிலேயே 225 கிலோமீட்டர் இருக்கிறது, ரயிலாலும் முடியும், ஆனால் 201ஐத் தாண்டினால் சாரதியின் அறைக்குள்ளேயே சிக்னல் காட்ட வேண்டும், அதற்குக் காசு விடவில்லை. 201இலேயே ஓடியது. 1994இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடிக் கால்வாய்ச் சுரங்கம் திறந்தபோது பாரிஸிலிருந்து 300இல் வந்த ரயில், இங்கிலாந்துப் பக்கம் கென்டில் ஏறியதும் உள்ளூர் ரயில்களுக்குப் பின்னால் ஊர்ந்தது.

சரி, தனியாரிடம் கொடுத்தபின் தீர்ந்ததா? ஏபிடி ஓடிய அந்த லண்டன், கிளாஸ்கோ மேற்குப் பாதையை 225க்கு உயர்த்துகிறோம் என்று தொடங்கி, 200 கோடி பவுண் என்ற செலவு 900 கோடிக்கு ஏறி, பாதை வைத்திருந்த கம்பனி 2001இல் சரிந்து, கடைசியில் சாய்கிற பென்டோலினோ ரயில்கள் ஓடுவது அதே 201இல். எச்எஸ்2 என்ற புது அதிவேகப் பாதையின் கதை மருமகனுக்கே தெரியும், மான்செஸ்டர் வரை போக வேண்டிய பாதையை 2023இல் மான்செஸ்டரில் வைத்தே வெட்டினார்கள்.

ஜப்பானையும் நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. ஷின்கான்செனைக் கொண்டுவந்த சோகோ ஷின்ஜி செலவைக் குறைத்துக் காட்டித்தான் சம்மதம் வாங்கினார், உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடன் எடுத்ததும் அரசு பாதியில் கைவிடாதபடி கட்டிப்போடத்தான். செலவு இரட்டிப்பானது, ரயில் ஓடுமுன்பே 1963இல் பதவி விலகினார். அந்த ரயில்வேயும் கடனில் மூழ்கி 1987இல் தனியாருக்குப் போனது. ஆனால் பாதை நின்றது.

இதெல்லாம் சொல்லி முடிக்க மருமகன் கொட்டாவி விட்டான். நான் விடவில்லை. 2021 ஜூனில் ஒரு பென்டோலினோவை லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு எங்கேயும் நிறுத்தாமல், சாதனையை முறியடிக்கவென்றே ஓட்டினார்கள் என்றேன். 3 மணி 53 நிமிடம் 1 விநாடி. 21 விநாடியில் தவறிவிட்டது.

"ஆற்ற சாதனை?"

"1984இல வைச்சது. 3 மணி 52 நிமிடம் 40 விநாடி."

"எந்த ரயில்?"

"சரிஞ்சு விழுற ரயில்."