புரொப்பெல்லர் உந்துவிசையை அளக்கப் போய் ஒரு தராசோடு அலைந்த கதை

மரப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மூன்று பிளேடு கொண்ட புதியதை மாட்டியதிலிருந்து எங்கள் இரண்டு இருக்கை விமானம் மேலெழுவதற்குக் கூடுதல் தூரம் ஓடியது. விற்றவரிடம் சொன்னால், “வெயில் நாளாக இருந்திருக்கும்” என்றார். விடாமல் கேட்டபோது, “சரி பார்த்த தராசில் உந்துவிசையை அளந்து எண்ணைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்” என்று முடித்துவிட்டார். அந்த “சரி பார்த்த” என்ற நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

உந்துவிசையை, அதாவது புரொப்பெல்லர் விமானத்தை முன்னே இழுக்கும் விசையை, அளக்கும் முறை எளிதுதான். விமானத்தைப் பின்னாலிருந்து கட்டி, கயிற்றின் நடுவே தொங்கு தராசை மாட்டி, பிரேக்கை விடுவித்து எஞ்சினை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். 500 கிலோ வரை காட்டும் மின்னணுத் தராசு கோலாலம்பூரின் பூடு ஜாலான் பாசாரில் கிடைத்தது. கொக்கிகளைக் கிள்ளானில் வாங்கினேன்.

தராசைச் சோதித்துச் சான்றிதழ் தரும் கூடம் ஒன்றுக்கு எடுத்துப் போனேன். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டபோது “கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னவர்கள், நேரில் போனதும் நிறுவனக் கடிதம் வேண்டும், முத்திரை வேண்டும், தனியாளிடம் வாங்குவதில்லை என்றார்கள். நண்பர் ஒருவரின் பட்டறைத் தாளில் கடிதம் வாங்கி, வேலைக்கு விடுப்பு எடுத்து மறுபடி போனேன். இம்முறை முகப்பில் இருந்த அலுவலர் தராசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வரிசை எண் இல்லை, எடுக்க முடியாது” என்றார். முதல் முறையும் இதே தராசு இதே மேசைமீதுதானே இருந்தது? அன்றே சொல்லியிருக்கலாமே! நீங்களே ஓர் அடையாள எண் ஒட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்தவரை அழைத்துவிட்டார். வீடு திரும்பும் வரை ஆத்திரம் அடங்கவில்லை. நீங்கள் போவதானால், தனியாளிடம் வாங்குவார்களா, வரிசை எண் கட்டாயமா, எத்தனை கிலோ வரை சோதிப்பார்கள் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

வழி காட்டியவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். “தம்பி, பழைய இரும்புக் கடைக்குப் போவோம். அங்கே இருப்பது அரசாங்க முத்திரை போட்ட தராசு” என்றார். உண்மைதான். வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக் கருவிகளை மலேசியாவின் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி சோதித்து முத்திரையிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தார். தண்டவாளத் துண்டுகளை அவருடைய மேடைத் தராசில் நிறுத்து, சங்கிலிக் கப்பியில் எங்கள் தராசோடு தொங்கவிட்டோம். 50, 100, 150, 200 கிலோ என ஏற்றிப் பார்த்ததில், 200இல்கூட ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இல்லை. எண்களை ஒரு தாளில் எழுதிக் கடை முத்திரையோடு கையெழுத்தும் போட்டுத் தந்தார். விற்றவர் அந்தத் தாளை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நிம்மதி எனக்கு.

இனி அளவீடு. கயிற்றை வால் வளையத்தில் கட்டாதீர்கள். நிறுத்திவைக்கும்போது கட்டுவதற்கான வளையம் அது. முதன்மைச் சக்கரக் கால்கள் இரண்டையும் இணைத்துக் கட்டி, அந்த இணைப்பின் நடுவிலிருந்து தரைக்கு இணையாக இழுங்கள். நைலான் வேண்டாம்: அது நீண்டு விசையைத் தேக்கிவைக்கும், அறுந்தால் ஆளை அடிக்கும். புரொப்பெல்லர் சுழலும் தளத்திலோ கயிற்றின் நேர்க்கோட்டிலோ ஒருவரும் நிற்கக் கூடாது.

தராசில் உச்ச எண்ணைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். எங்கள் தராசு கடையிலிருந்து வந்தபோதே அந்த வசதி இயங்கும் நிலையில்தான் இருந்தது. கயிறு விறைத்த நொடியின் உலுக்கலைப் பிடித்துக்கொண்டு 241 என்று காட்டியது. எஞ்சினை அணைத்த பிறகும் அதே 241. அதன் பிறகு தராசுத் திரையையும் எஞ்சின் சுற்றைக் காட்டும் சுற்றுமானியையும் சேர்த்துக் காணொளியாக எடுத்து, எண் நிலைத்து நின்ற பகுதியை மட்டும் கணக்கில் கொண்டோம். எங்கள் ரோட்டக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினை நிமிடத்துக்கு 5,800 சுற்றில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நின்ற இடத்தில் காற்றோட்டம் குறைவு என்பதால் வெப்பம் அதற்கு முன்பே ஏறிவிடும். ஒவ்வோர் ஓட்டத்தையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

காற்று அசையாத விடியற்காலையே நல்ல நேரம். காலை அளவையும் மதிய அளவையும் ஒப்பிடாதீர்கள். வெப்பநிலை 24 பாகை செல்சியஸிலிருந்து 33க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி 3 விழுக்காடு குறையும், அதே சுற்றில் உந்துவிசையும் அந்த அளவு குறையும். சக்கர உராய்வும் சில கிலோக்களை விழுங்கும். இரண்டு புரொப்பெல்லர்களை ஒரே இடத்தில் ஒப்பிடும்போது அது பொதுவாகிவிடுவதால் நான் கவலைப்படவில்லை.

1.7 மீட்டர் விட்டத்துக்கு 100 குதிரைத்திறன் முழுவதும் கிடைத்தால், இழப்பே இல்லாத கணக்கில் ஏறக்குறைய 310 கிலோ வரும். நடைமுறையில் அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வந்தாலே நல்லது. பழைய மரப் புரொப்பெல்லர் 218 காட்டியது. புதியது 196தான், அதுவும் 5,100 சுற்றைத் தாண்டவில்லை. சுற்று இப்படித் தணிந்தால் எஞ்சினுக்குச் சுமை அதிகம் என்று பொருள்; பிளேடுக் கோணத்தை அதிகமாக வைத்துத் தந்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. விற்றவர் தம் செலவில் ஆள் அனுப்பிக் கோணத்தைக் குறைத்துக் கொடுத்தார். இப்போது 5,400 சுற்றில் 214.

இந்த எண்ணை இன்னும் ஏற்றலாமே என்று கோணத்தை மேலும் குறைத்துவிடாதீர்கள். தரையில் உந்துவிசை கூடும். ஆனால் மட்டமாகப் பறக்கும்போது சுற்று 5,800ஐத் தாண்டிவிடும். “கோணத்தை மாற்றினால், ஒருமுறை பறந்து சுற்றுமானியைப் பார்த்த பிறகே திருகுகளை இறுதியாக முறுக்குவிசைக் கணக்குப்படி பூட்டி முத்திரையிடுங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; முழு முறுக்கில் பூட்டாமல் பறக்கவே கூடாது.