கையெழுத்துக்கு முன்னால்

நான் சொன்னது பொய் இல்லை. பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பி மூளைக்கு அடியில், எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறையைத் திறந்து, குழியின் தளத்தை உடைத்தால் சுரப்பியில் இருக்கும் கட்டியை எடுத்துவிடலாம். மண்டையைத் திறக்கும் பேச்சே இல்லை. அதனால்தான் அந்த அம்மா, "மூளையில கை வைக்க மாட்டாங்கல்ல சிஸ்டர்?" என்று கேட்டபோது, "வைக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியே கசியலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பக்கத்தில்தான் நின்றேன். அது அந்த அம்மாவின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. என் பதிலுக்குப் பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தார்.

வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டி. கையும் காலும் பெருத்துவிட்டிருந்தன. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்களாம். செருப்புகூட ஆம்பளைங்க கடையில்தான் வாங்குவாராம். கட்டி கீழிருந்து பார்வை நரம்புகளை முட்டியதில் பார்வையின் இரண்டு ஓரங்களும் மங்கத் தொடங்கியிருந்தன. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் இல்லை. அந்த நேரத்தில் நான் வேறென்ன சொல்ல?

ஆபரேஷன் முடிந்து, மூக்கில் வைத்திருந்த அடைப்பை எடுத்த மறுநாள். எழுந்து உட்கார்ந்து குனிந்தார். தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழுந்தது. "தொண்டையில உப்புக் கரிக்குது." சளி பட்ட துணி காய்ந்தால் மொடமொடப்பாகும். இது அப்படி ஆகவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "மூளைத் தண்ணி கசியுது" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தொடையிலிருந்து கொழுப்பும் சவ்வும் எடுத்து அடைத்தார்கள். கசிவு நின்றது, பார்வையும் தேறியது. மூக்கைச் சிந்தாதீங்க, தும்மினா வாயைத் திறந்து தும்முங்க என்றதற்கெல்லாம் தலையாட்டினார். ஆனால் அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சிறுநீர் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்பதைக்கூடப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம்தான் கேட்டார். நான் அளவுக் குடுவையோடு நின்றுகொண்டிருந்தேன்.

முழுதாகச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாரா? போடாமல் போயிருந்தால் கண் போயிருக்கும். சரி, நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் எது நல்லது என்று முடிவுசெய்ய நான் யார்?

இப்போதெல்லாம் கசிவையும் சேர்த்தே சொல்கிறேன். போன மாதம் பார்வை மங்கி வந்த ஒருவரின் மகன் அதைக் கேட்டுவிட்டு, "யோசிச்சுட்டு வர்றோம் சிஸ்டர்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இன்னும் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.