மோர் நிறத்தில் வந்த கியர் ஆயில்

பண்ணவாடிப் பக்கம் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தண்ணீருக்கு மேல் தலைகாட்டினால் மாமாவுக்குப் படகை சர்வீஸ் பண்ணும் ஞாபகம் வந்துவிடும். 120 அடி பிடிக்கும் மேட்டூர் அணை அந்த அளவுக்கு இறங்கும்போது நாகமரைக் கரை சேறும் சரிவுமாக நீண்டு கிடக்கும். படகை இழுத்துப் போட வசதி. இந்த வருஷம் அவருக்கு முதுகுவலி. "இரண்டு நாள் வேலை, நீயே பார்த்துக்கோ மாப்ளே" என்று என் தலையில் கட்டிவிட்டார். பதினேழு நாள் ஆனது.

எங்கள் படகு இந்தப் பக்கத்து ரகம் இல்லை. கொச்சியிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தது. டீசல் எஞ்சின் உள்ளே இருக்கும், கியரும் விசிறியும் சேர்ந்த பாகமான அவுட்டிரைவ் பின்பலகைக்கு வெளியே தொங்கும். சேறு தட்டும் இடத்தில் அதை மேலே தூக்கிக்கொள்ளலாம் என்றுதான் மாமா வாங்கினார். யோசனை சரிதான். சர்வீஸுக்கு ஆள் வேண்டுமே!

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பெல்ட் எல்லாம் அரை நாளில் முடிந்தது. ஏரியூரிலிருந்து வந்த டிராக்டர் மெக்கானிக் அண்ணன் அதில் கில்லாடி. தண்ணீருக்குள் போகும் பாகத்துக்கு வந்ததும்தான் அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவுட்டிரைவின் அடி போல்ட்டைக் கழற்றினோம். கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தது. "பழைய ஆயில், அப்படித்தான் இருக்கும். மாத்திட்டுப் போயிடலாங்க" என்றார் அண்ணன். கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன், அடுத்த மாதம் கியரே போயிருக்கும். ஆயில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே புகுந்தது என்று பார்க்காமல் புது ஆயில் ஊற்றுவது காசைக் கரைப்பதுதான்.

விசிறியைக் கழற்றினேன். பின்னால் தண்டைச் சுற்றித் தங்கூசி என்கிற நைலான் நரம்பு, பம்பரக் கயிறு போல இறுகிக் கிடந்தது. அணை முழுக்க மீன் வலை. அறுந்த துண்டு ஒன்று விசிறியில் மாட்டினால் சுற்றிச் சுற்றி உள்ளே ஏறி, தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் ஆயில் சீல் வளையத்தையே அறுத்துவிடும். எங்களுக்கும் அதேதான். கத்தியால் வெட்டி எடுக்கவே ஒரு மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை விசிறியைக் கழற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், வலை இல்லாத தண்ணீரில் ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன வெற்றி. கொச்சிக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும் என்று பயந்த சீல், தருமபுரியில் பேரிங் கடையிலேயே கிடைத்தது. பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சாகி இருந்தன. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் எடுத்துப் போட்டார். இரண்டு சீல் இருக்கும், எது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்று ஆயிலை வெளியே விடாமல் இருக்க, இன்னொன்று தண்ணீரை உள்ளே விடாமல் இருக்க. திருப்பிப் போட்டால் பழைய கதைதான்.

இம்பெல்லர் அப்படிக் கிடைக்கவில்லை. எஞ்சினைக் குளிர்விக்க அணைத் தண்ணீரை உறிஞ்சித் தரும் ரப்பர் சக்கரம் அது. நம்பரை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். "இதேதான் சார், கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் ஒரு கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். வீட்டில் வந்து மாட்டினால் நடு ஓட்டை வேறு மாதிரி. ஒரு நாள், பஸ் சார்ஜ், இம்பெல்லர் காசு எல்லாம் போயிற்று. பழைய சாமானைப் பையில் போடாமல் ஸ்பேர் வாங்கக் கிளம்பாதீர்கள்.

கடைசியில் கொச்சிக்கே போன் போட்டேன். இம்பெல்லர் ஒன்று தனியாகத் தரமாட்டார்களாம், இரண்டாகத்தான் வாங்க வேண்டுமாம். திட்டிக்கொண்டே பணம் அனுப்பினேன். கூடவே பெல்லோஸ் என்கிற மடிப்பு ரப்பர் உறை ஒன்றும் கேட்டேன், பழையதன் மடிப்பை விரித்துப் பார்த்ததில் விரிசல் தெரிந்தது. அது கிழிந்தால் எஞ்சினையும் அவுட்டிரைவையும் இணைக்கும் யூனிவர்சல் ஜாயிண்டுக்குள் தண்ணீர் போவதோடு நிற்காது, படகுக்குள்ளேயே வந்துவிடும்.

பார்சல் தருமபுரி வரைக்கும்தான் வரும் என்றார்கள். போனேன். பார்சல் மாமா பெயரில், ஓடிபி மாமா செல்லுக்கு. மாமாவோ துறையில் எங்களுடைய இன்னொரு படகில். அங்கே சிக்னல் கிடையாது. ஆதார் நகல் காட்டினேன், பில் காட்டினேன், மாமாவும் நானும் சேர்ந்து நிற்கும் கல்யாண போட்டோகூடக் காட்டினேன். கவுண்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடிபி இல்லைன்னா சிஸ்டம் எடுக்காதுங்க." பென்னாகரம் பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பி, மறுநாள் மாமாவையே மேட்டுக்கு ஏற்றி சிக்னல் உள்ள இடத்தில் உட்கார வைத்துவிட்டு மறுபடி போய் வாங்கினேன். பார்சலை உங்கள் பெயரிலேயே, உங்கள் நம்பரிலேயே போடச் சொல்லுங்கள்.

புது இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீர் தடவி, இதழ்கள் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மடங்கும்படி உள்ளே தள்ளினோம். கிரீஸ் தடவக்கூடாது, ரப்பர் ஊறிவிடும். அப்புறம் நான் டீ வாங்கப் போனேன். போயிருக்கவே கூடாது. டீசல் லைனில் காற்று எடுத்த கையோடு அண்ணன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார், கரையில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். "சும்மா ரெண்டு நிமிசந்தாங்க, சத்தம் எப்படி இருக்குன்னு பார்த்தேன்." டிராக்டருக்கு அது தப்பே இல்லை. இந்த இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. ரப்பர் கருகும் வாடை எனக்கு மேட்டிலேயே அடித்தது.

மூடியைத் திறந்தால் மூன்று இதழ்களைக் காணோம். அவை குழாய்க்குள் போயிருந்தன. விட்டுவிட்டால் எஞ்சின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்து எஞ்சின் சூடேறும். ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றி மூன்றையும் எடுத்துத் தரையில் வைத்து, பிய்ந்த சக்கரத்தோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திட்டிக்கொண்டு வாங்கிய அந்த இரண்டாவது இம்பெல்லர் அப்போது கைகொடுத்தது. கொச்சிக்காரரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஆனோடு விஷயத்திலும் ஏமாறப் பார்த்தேன். துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு டிரைவைக் காப்பாற்றும் உலோகக் கட்டி அது. கொஞ்சமும் தேயாமல் புத்தம் புதிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். போனில் கொச்சிக்காரர் சிரித்தார். கடலுக்குப் போடும் துத்தநாகம் நல்ல தண்ணீரில் வெள்ளையாகப் படிந்து வேலையை நிறுத்திவிடுமாம். தேயவில்லை என்றால் உழைக்கவில்லை. இங்கே மக்னீசியம்தான் சரி. அதையும் அதே பார்சலில் சேர்த்தது ஒன்றுதான் அந்த வாரம் நான் செய்த புத்திசாலித்தனம்.

புது ஆயில் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். பஞ்சர் கடை சைக்கிள் பம்பை ஆயில் துளையில் மாட்டி, ஐந்து பவுண்டைத் தாண்டாமல் லேசாகக் காற்றடித்து, சீலைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினோம். குமிழி வரவில்லை. ஆயிலை மேலிருந்து ஊற்றாமல் அடித் துளை வழியாக ஏற்றினோம், மேல் துளையில் வழியும் வரை. இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று, நிறைந்த மாதிரி ஏமாற்றும். போல்ட்டு வாஷர் இரண்டும் புதுசு.

பதினெட்டாம் நாள் காலையில் படகு இறங்கியது. பத்து நடை முடிந்ததும் மாமாவே வந்து அவுட்டிரைவின் ஆயில் குச்சியை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறம். ஒன்றும் சொல்லாமல் துடைத்து உள்ளே சொருகினார். பின்பலகையில் ஒரு கத்தியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், தங்கூசிக்கு. இரண்டாம் நாளே அதற்கு வேலை வந்துவிட்டது.