ஏக் மினிட், டீச்சர்

"ஏக் மினிட் டீச்சர், நான் பண்ணிப் பாக்கேன்" என்றாள் அவள். "இல்லம்மா, அழிச்சிட்டு இங்க பாரு. முதல்ல நான், அப்புறம் நாம, அப்புறம்தான் நீ" என்றேன். அழித்துவிட்டாள். பாடம் நடந்தது, நன்றாகவே நடந்தது. நான் கோபமாகச் சொல்லவில்லை, அவள் முகமும் வாடவில்லை. வகுப்பில் இப்படி எத்தனையோ சொல்கிறோம். இந்த ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஐந்தாம் வகுப்பு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல். கரும்பலகையில் 1/3 + 1/4 என்று கணக்கை மட்டும்தான் எழுதியிருந்தேன். அதற்குள் அவள் சிலேட்டில் ஒரு செவ்வகம் போட்டு, மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்து, குறுக்கே ஒன்றோ இரண்டோ போட்டிருந்தாள். நடந்துகொண்டே பார்த்தது, எண்ணவில்லை. குறுக்கே மூன்று கோடு வந்திருந்தால் பன்னிரண்டு கட்டம் கிடைத்திருக்கும். மூன்றில் ஒன்று என்பது நான்கு கட்டம், நான்கில் ஒன்று என்பது மூன்று கட்டம், மொத்தம் ஏழு. அப்படியானால் நான் மெதுவாகப் படிப்படியாகச் சொல்லப்போவதெல்லாம் அந்தப் படத்திலேயே இருந்திருக்கும். இல்லை, சும்மா கட்டம் போட்டிருக்கவும் கூடும். பிள்ளைகள் சும்மாவும் கட்டம் போடுவார்கள்தானே.

பிறகு ஒருநாள் கேட்டேன், "அன்னைக்கு என்னம்மா வரைஞ்சே?" "எது டீச்சர்?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே நினைவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மும்பையில், தாராவியிலோ ஆண்டாப் ஹில்லிலோ தமிழ்வழி வகுப்பில் நின்றவர்களுக்கு இது புரியும். கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் நாலு கை எழும்பும். அந்த நாலு பேரில் ஒருவர் பதில் சொல்வார், நாம் அடுத்த கணக்குக்குப் போவோம். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் பாடும். பரீட்சைத் தாளில் 1/3 + 1/4 = 2/7 என்று இருக்கும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருப்பார்கள். கூட்டி வந்த விடை 1/3-ஐவிடச் சின்னதாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளைக்கும் உறுத்தாது. நான் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பிறகு பயிற்சி பெற்றவள். பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் என் வகுப்பில் கட்டிக்கொண்டவர்கள் அந்த நாலு பேர்தான். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் கல்வி ஆய்வாளர் பாரக் ரோசன்ஷைன் 2012-இல் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தது. நல்ல ஆசிரியர்கள் வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத் தொகுத்தது. 40 நிமிடக் கணக்குப் பாடவேளையில், சிறந்த ஆசிரியர்கள் 23 நிமிடம் போல விளக்குவதிலும் செய்து காட்டுவதிலும் கேள்வி கேட்பதிலும் செலவிட்டார்களாம். அவ்வளவாகப் பலன் தராதவர்கள் 11 நிமிடம்தான். நான் அந்த 11 நிமிடக்காரியாகத்தான் இருந்தேன். கணக்கைக் கொடுத்துவிட்டு, பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மாற்றினேன். சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, வாய்விட்டு யோசித்துக்கொண்டே ஒரு கணக்கைச் செய்து காட்டுவேன். அடுத்ததைச் சேர்ந்து செய்வோம், படிக்குப் படி கேள்வி கேட்பேன். பிறகு அவர்கள் தனியாக. எல்லார் கையிலும் சிலேட். எழுதி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், "காட்டு" என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒரே பார்வையில் யாருக்கு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். பத்தில் எட்டு சிலேட்டாவது சரியாக இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போக மாட்டேன். யாரும் ஒளிந்துகொள்ள முடியாது என்பதைத் தண்டனையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன், எந்தக் கேள்விக்கும் வெறும் சிலேட்டையே காட்டிக்கொண்டிருந்தவன், அவள் சிலேட்டை அழித்த அதே நாளில் 7/12 என்று எழுதித் தூக்கினான். நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தான்.

அவனுக்காகத்தான் நான் இந்த முறைக்கு வந்தேன். மாநகராட்சி இங்கே எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் மேல் வகுப்புக்கு இந்திவழிக்கோ ஆங்கிலவழிக்கோ போய்விடுவார்கள். பின்னம் தமிழில் இப்போது உறுதியாகப் பதியாவிட்டால், பிறகு கணக்கும் புதிது மொழியும் புதிது. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அவனை விட்டிருந்தால் அவன் கண்டுபிடித்திருக்க மாட்டான். தனக்குக் கணக்கு வராது என்று மட்டும் முடிவு கட்டியிருப்பான். புதிதாகக் கற்பவருக்கு, செய்து முடித்த கணக்கைப் படிப்படியாகப் பார்ப்பது தானே முட்டி மோதுவதைவிட நன்றாகக் கைகொடுக்கிறது என்று ஜான் ஸ்வெல்லரும் உடன் ஆய்வு செய்தவரும் 1985-இலேயே இயற்கணிதத்தை வைத்துக் காட்டிவிட்டார்கள். அது என் வகுப்பிலும் நடந்தது.

அன்று பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர், டீ குடிக்கும்போது சொன்னார், "அந்தப் பிள்ளைய ஒரு நிமிசம் விட்ருக்கலாம்லா டீச்சர்."

"அவள விட்டா எல்லாரையும் விடணும்லா சார். அவன் முழிச்சிட்டு உக்காந்திருப்பான்."

"அதுஞ்சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போய்விட்டார். அவர் வாதாடியிருந்தால் எனக்கு இதைவிட எளிதாக இருந்திருக்கும்.

ஸ்வெல்லரின் அந்த 1985 ஆய்வோடு நின்றிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன். அவரும் அவருடன் வேலை செய்தவர்களுமே 2003-இல் எழுதிய இன்னொன்றும் இருக்கிறது. ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களுக்குச் செய்து காட்டுவது உதவாது, இடைஞ்சலாகக்கூட ஆகும் என்கிறது அது. சரி, அவளுக்குத் தெரியுமா தெரியாதா? அதை நான் அறிந்துகொள்ள இருந்தது அந்த சிலேட் ஒன்றுதான். பிள்ளைகள் மனதில் ஓடுவது வெளியே தெரிய வேண்டும் என்றுதானே சிலேட்டையே கொண்டுவந்தேன்?

ஆனால் பக்கத்துப் பையன் அவள் கோடுகளை எட்டிப் பார்த்துத் தன் சிலேட்டில் போட ஆரம்பித்திருந்தான். இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். பாதிப் படத்தை நாலு பேர் பார்த்து எழுதினால், நான் தொடங்கும்போது கவனம் நாலாகச் சிதறியிருக்கும். அதனால்தான் அழிக்கச் சொன்னேன். இதை எழுதும்போது ஒரு சந்தேகம். அந்தப் பையன் எட்டிப் பார்த்ததை அப்போதே கவனித்தேனா, ஆசிரியர் அறையில் பதில் தேடும்போது சேர்த்துக்கொண்டேனா? அவன் திரும்பியது நிச்சயம். அது நான் சொல்வதற்கு முன்பா பின்பா என்பதுதான் தெளிவாக இல்லை.

கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோ 1970-களில் கண்டார். இதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவள். "காட்டு" என்பதற்கு முன் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அவள் கேட்டதும் கொஞ்சம் நேரம்தான். நான் விளக்கிய பிறகு தரும் நேரத்தை, விளக்குவதற்கு முன்னால் கேட்டாள்.

சில வாரம் கழித்து, பின்னங்களை ஒப்பிடும் பாடத்தில், அந்த நேரத்தை எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தேன். 2/3 பெரிதா, 3/5 பெரிதா? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீங்களே எழுதுங்கள். பெரும்பாலோர் 3/5 என்று எழுதினார்கள், எண்கள் பெரிதாக இருந்ததால். கடைசி பெஞ்சுப் பையன் சிலேட் பழையபடி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் 15-ஐப் பகுதியாக்கி, 10/15, 9/15 என்று நான் எழுதிக் காட்டியபோது, எப்போதும் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "அப்ப பெரிய நம்பர் இருந்தா பெருசில்லையா டீச்சர்?" என்று கேட்டாள். முதலில் தவறாக எழுதியிராவிட்டால் அந்தக் கேள்வி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். முதலில் தோற்று, பிறகு கற்பது ஆழமாகப் பதியும் என்று மனு கபூர் 2008 முதல் எழுதிவருகிறார். அவர் ஆய்வுகளில் பல உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளோடு நடந்தவை. என் பிள்ளைகளுக்குப் பத்து வயது. இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேனா, உண்மையைத்தான் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில், அன்று சிலேட்டை அழித்தவள் எதுவும் எழுதவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீயே பண்ணிப் பாரும்மா" என்றேன். "நீங்க செஞ்சு காட்டுங்க டீச்சர், அப்புறம் பண்ணுதேன்" என்றாள். நான் கற்றுக்கொடுத்த ஒழுங்குதான் அது. நான் காட்டிய பிறகு முதலில் தூக்கியதும் அவள்தான், விடையும் சரி. ஒரு வாக்கியத்தால் ஒரு பிள்ளை மாறிவிடாது. வயது, வீடு, உடம்பு என்று எத்தனையோ காரணம் இருக்கும். அதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன பயிற்சி முகாமில் இந்த முறையை மற்ற ஆசிரியர்களுக்குச் செய்து காட்டச் சொன்னார்கள். சிலேட், சின்னப் படிகள், பத்துக்கு எட்டு, எல்லாம் சொன்னேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை கேட்டார், "எப்ப காட்டணும், எப்ப பிள்ளைங்களை விடணும் டீச்சர்?"

"சுத்தமாத் தெரியாததைக் காட்டுங்க. தெரிஞ்சதுலேர்ந்து எட்டிப் பிடிக்க முடியுற விஷயம்னா விடுங்க."

"தெரியுமா தெரியாதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"சிலேட்டைப் பாத்துதான்."

"அப்ப நாம காட்டுறதுக்கு முன்னாடியே எழுதச் சொல்லணும்ல?"

ஆமாம் என்றேன். பிறகு கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவனைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னேன்.