அம்மாவின் நெக்ஸஸ் கார்ட்

2018 ஆகஸ்ட் நீண்ட வார இறுதி. நியூஜேர்சியில் தங்கச்சியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடு. சனி காலை ஆறு மணிக்கே ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டு, எட்டரை மணிக்கு, அமெரிக்காவுக்குக் கடந்து போகிற குயின்ஸ்ரன்-லூயிஸ்ரன் பாலத்தில் ஏறிவிட்டோம். ஏறியதோடு சரி, எல்லைச் சோதனைக்கான வரிசையில் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. கீழே நயாகரா ஆறு, முன்னும் பின்னும் கார்கள். திரும்பவும் வழியில்லை.

அம்மாவுக்கு அப்போது 71 வயது, சலரோகம் வேறு. ஒரு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, இறங்கி எங்கையாவது போக ஏலுமே?" என்று மெல்லக் கேட்டார். அந்த இடத்தில் எங்கே இறங்குவது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆனது. பக்கத்து லேனில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து, நிற்காத மாதிரி நின்று, போய்க்கொண்டிருந்தன. அது நெக்ஸஸ் லேன் என்று மனைவிதான் சொன்னாள்.

அக்கரை போய்க் கழிவறையிலிருந்து வெளியே வந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் நின்றேன். அதற்குப் பிறகு நியூஜேர்சி போகிற நாளென்றால் அம்மா முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். சலரோகக்காரருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

நெக்ஸஸ் என்பது கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்துகிற திட்டம். இரண்டு நாட்டு அதிகாரிகளும் உங்களை முன்கூட்டியே விசாரித்து, இவரை நம்பலாம் என்று இருவருமே ஒத்துக்கொண்டால் கார்ட் கிடைக்கும். ஐந்து வருடத்துக்குச் செல்லும். விமான நிலையத்திலும் உதவும், ஆனால் எங்களைப்போலக் காரில் போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இதில்தான் பிழை விடுகிறார்கள். காரில் இருக்கிற எல்லாரிடமும் கார்ட் இருக்கவேண்டும். மடியில் இருக்கிற குழந்தைக்கும் வேண்டும். லண்டனில் இருந்து வந்த மாமியை ஏற்றிக்கொண்டு போனால் அன்றைக்கு நீங்களும் சாதாரண வரிசைதான். அதனால் நானும் மனைவியும் மட்டும் எடுப்பதில் அர்த்தமில்லை. வீட்டில் இருக்கிற ஐந்து பேருக்கும் விண்ணப்பித்தோம்.

அப்போது ஆளுக்கு 50 அமெரிக்க டொலர். 2024 ஒக்ரோபரில் இருந்து அது 120. பெற்றோரும் நெக்ஸஸில் இருந்தால், அல்லது கூடவே விண்ணப்பித்தால், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசு இல்லை. மறுத்தாலும் கட்டிய காசு திரும்பி வராது. ஆகவே விண்ணப்பத்தை அவசரமாக நிரப்பாதீர்கள்.

எனக்கு அம்மாவின் விண்ணப்பத்துக்கு மட்டும் இரண்டு பின்னேரம் போனது. கடந்த ஐந்து வருடம் எங்கெங்கே இருந்தார் என்று கேட்கிறார்கள். எங்கள் அம்மாக்கள் ஒரு வீட்டிலா இருக்கிறார்கள்? எங்களோடு ஒரு வருடம், மார்க்கம் நகரில் அண்ணா வீட்டில் எட்டு மாதம், பிறகு திரும்ப எங்களோடு. பழைய நாட்காட்டிகளை எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தோம். அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயரோடு ஒரு பெயர், கனடாவுக்கு வந்த பத்திரத்தில் அப்பாவின் பெயரோடு இன்னொன்று, எழுத்துக்கூட்டலும் வேறு. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஒரு எழுத்தும் மாறாமல் எழுதி, மற்றதையெல்லாம் வேறு பெயர்கள் கேட்கிற இடத்தில் போட்டோம். இதை மறைக்கவேண்டியதில்லை. எப்போதோ எல்லையில் சொல்லாமல் கொண்டுவந்த ஒரு போத்தலுக்கு அபராதம் கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். அவர்களிடம் அது ஏற்கனவே இருக்கும்.

2019 கடைசியில் அனுப்பினோம். 2020 மார்ச்சில் எல்லையே மூடிவிட்டது. திறந்த பிறகும், கனடா மண்ணில் இருந்து வேலை செய்யும் அமெரிக்க அதிகாரிகளுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு என்று இரண்டு அரசுகளுக்கும் இடையில் இழுபறி. கனடாவில் இருந்த நேர்முக நிலையங்கள் திறக்கவில்லை. 2022இல் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கனடா அதிகாரி கனடாப் பக்கத்தில் கேட்பார், பிறகு பாலத்தைக் கடந்து போனால் அமெரிக்க அதிகாரி தன் பக்கத்தில் கேட்பார். எங்களுக்கு 2023 வசந்தத்தில், கனடாப் பக்கத்து எல்லை ஊரான போர்ட் ஈரியில் நாள் கிடைத்தது.

முதல் நாள் இரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை. "என்ன கேட்பினம்? நான் பிழையாகச் சொன்னால் உங்களுக்கும் தராமல் விட்டுவிடுவினமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பயம் போர்ட் ஈரியில் தொடங்கியது இல்லை. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்த பிறகு, கனடா விசா அலுவலாக அம்மா கோப்பாயிலிருந்து கொழும்புக்கு நாலைந்து தடவை போய்வந்தார். இராணுவமும் புலிகளும் சோதனைச் சாவடி வைத்திருந்த முகமாலையிலும் ஓமந்தையிலும் பஸ்ஸால் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஒரு தரப்புக்கு ஒரு பத்திரம், மறுதரப்புக்கு இன்னொரு பத்திரம். சாமானை எல்லாம் கொட்டிப் பார்ப்பார்கள். சீருடை போட்ட ஆளிடம் பதில் சொல்வது என்றால் அம்மாவுக்கு இன்றைக்கும் தொண்டை வரண்டுபோகும்.

கனடாப் பக்கத்து அதிகாரி ஒரு இளம் பெண். மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எத்தனை முறை எல்லை கடக்கிறீர்கள், யாரைப் பார்க்க, என்ன கொண்டுபோவீர்கள், இவ்வளவுதான் கேள்வி. பிறகு கைரேகை. கண்ணாடியில் அம்மாவின் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. நாற்பது வருடம் தோட்டத்தில் வெங்காயம் நட்ட விரல்கள், தேய்ந்துபோய் வழவழவென்று இருந்தன. திரும்பத் திரும்ப வைத்தும் சிவப்பு விளக்கே வந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் மேசைக்குக் கீழிருந்து ஒரு லோஷன் போத்தலை எடுத்தார். அம்மாவின் கையைத் தன் கைக்குள் பிடித்து, ஒவ்வொரு விரல் நுனியிலும் தானே பூசி, மெல்ல அழுத்தி வைத்தார். விளக்கு பச்சையாகியது. பாலம் கடந்து அமெரிக்கப் பக்கத்திலும் போய் முடித்துவிட்டு வரும்போது, காருக்குள் அம்மா அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கார்ட் தபாலில் வந்ததும் இணையத்தில் போய் இயங்கச் செய்யவேண்டும், மறந்துவிடாதீர்கள். கூடவே ஒரு உறை வரும். லேனில் போகும்போது உறையிலிருந்து எடுத்து, எல்லாக் கார்டையும் வாசிக்கிற கருவிக்கு முன்னால் பிடிக்கவேண்டும். சோதனைச் சாவடிக்குள் இருக்கிற அதிகாரிக்கு அதற்குள் உங்கள் முகங்கள் திரையில் வந்துவிடும். நயாகராவில் வேர்ள்பூல் பாலம் நெக்ஸஸ்காரருக்கு மட்டுமேயானது. 1897இல் கட்டிய இரும்புப் பாலம், மேல்தட்டில் ரயில், கீழ்த்தட்டில் நாங்கள். லொறி வராது. திறந்திருக்கிற நேரம் குறைவு, பார்த்துவிட்டுப் போங்கள்.

வேகமாக விடுகிறார்கள் என்பதற்காகக் கவனக்குறைவாகப் போகமுடியாது. ஏஜாக்ஸில் இருக்கிற ஒரு நண்பன், சாப்பாடு ஏதும் இருக்கா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டான். ஐஸ் பெட்டிக்குள் மனைவி வைத்த ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. கறிவேப்பிலை, தோடை, எலுமிச்சை எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள். தோடை மரத்தைக் கொல்கிற நோயைக் காவும் சின்னப் பூச்சி ஒன்று கறிவேப்பிலையில் வாழும். அதனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். இலை குப்பைக்குப் போனது, சில வாரத்தில் அவனுடைய நெக்ஸஸும் போனது. சொல்லியிருந்தால் இலை மட்டும்தான் போயிருக்கும். பையில் ஒரு ஆப்பிள் இருந்தாலும் சொல்லுங்கள். ரோல்ஸ் இருந்தால், உள்ளே என்ன இறைச்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கலியாணத்துக்குப் போகிற பெண்களுக்கு நகைதான் அடுத்த தலையிடி. திரும்பி வரும்போது இதை அங்கே வாங்கினீர்களா என்று கேட்டால் என்ன காட்டுவது? போகமுதல் ஒரு நகைக்கடையில் கொடுத்துப் படமும் மதிப்பீட்டுச் சீட்டும் எடுத்து வைத்திருக்கிறோம். உண்மையாகவே அங்கே வாங்கியதற்கு 24 மணி நேரம் தங்கினால் ஆளுக்கு 200 கனேடிய டொலர், 48 மணி நேரம் தங்கினால் 800 வரை வரியில்லை. தங்கச்சி வாங்கித் தந்த சேலையும் அந்தக் கணக்கில் வரும்.

போன முறை போனபோது சென் கத்தரின்ஸ் தாண்டியதுமே அம்மா கைப்பையிலிருந்து கார்டை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, கையில் வைத்துக்கொண்டார். மற்றக் கையால் பிளாஸ்கைத் திறந்து, "எனக்குக் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து பிள்ளை" என்று பேத்தியிடம் நீட்டினார். பாலத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முழுக் கோப்பையும் குடித்து முடித்தார்.