உம்மா வீட்டுக் குளியலறை: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

ஒரு வாளி ஊற்றினேன். வடியப் பதினொரு நிமிடம்.

நவம்பர் 4

காலையில் லாத்தா, என் அக்கா, போனில் பேசினாள். உம்மாவுக்குத் தையல் காய்ந்து வருகிறதாம். நேற்று வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார்களாம். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உம்மாவிடம் போனைக் கொடுத்தாள். "வாளியெல்லாம் கவுத்து வச்சிருக்கியா வாப்பா? கொசு வரும்." அவ்வளவுதான் கேட்டார்கள். இந்தக் குளியலறையில் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் தண்ணீர் வடிகிற மூலையில் குந்தி உட்கார்ந்தேன். ஓட்டை போட்ட இரும்பு ஜாலி மூடியைத் தூக்கினால் பாதி கையோடு வந்தது, மீதி துருவாக உதிர்ந்தது. இந்த ஊர்க் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? உள்ளே கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தேன். வந்தது முழுக்க முடி. உம்மாவின் நீள வெள்ளை முடி, லாத்தா பிள்ளைகளின் கறுப்பு முடி, இரண்டையும் ஒட்டவைத்தாற்போலச் சாம்பல் நிறத்தில் ஒரு மெழுகு. அது சோப்பு. நம் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து போகும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கட்டியாகிவிடும். அதோடு தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயும் சேரும். தரையில் வழுக்குவதும் இதே படிவுதான். கடப்பாக் கல்லில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

இரண்டு மக் நிறைய எடுத்துப் போட்டேன். அப்புறம் ஒரு வாளி. ஆறு நிமிடம்.

நவம்பர் 5

ரமலானில் உம்மா போனில் சொன்னார்கள். "பாத்ரூம்ல தண்ணி நிக்குது வாப்பா, போகவே மாட்டேங்குது." நான் பஸ்ஸில் இருந்தேன். "ஆசிட் வாங்கி ஊத்தச் சொல்லுங்க உம்மா" என்றேன்.

ஆசிட் முடியை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், சிமெண்டைத் தின்னும். இந்த வீட்டுப் பழைய மண்குழாய்களின் மூட்டெல்லாம் சிமெண்டால் பூசியவை. அடைப்பு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், மூட்டுகள்தான் அரித்திருக்கும். முடியையும் எண்ணெயையும் கரைப்பது காஸ்டிக் சோடா. ஆனால் அது தோலையும் வேகவைத்துவிடும், வயதானவர் இருக்கிற வீட்டுக்குச் சொல்லக்கூடிய வழியில்லை. கையால் எடுப்பதுதான் சரி. அதற்கு ஆள் வந்திருக்க வேண்டும். நான் வந்திருக்க வேண்டும்.

அலமாரியில் அரை பாட்டில் ஆசிட் இருந்தது. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் டப்பா, மூடி சரியாக மூடவில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. சன்னல் ஒரு முழம்கூட அகலமில்லாத அறை. ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வேறு வேறு இடத்தில் வைத்தேன். கை நடுங்கியது.

நவம்பர் 6

மழை. வாடைக்காற்று. நாற்றம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. மறுபடி ஒன்பது நிமிடம்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்முன் ட்ராப்பை, வடிகால் வாயில் நாற்றத்தைத் தடுக்கும் அமைப்பை, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கிண்ணம் இல்லை.

பழைய நானி ட்ராப்பில் நடுவில் ஒரு குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். தண்ணீர் சுற்றி வளைந்து வெளியேறும், கழிவுக்குழிக் காற்று மட்டும் மேலே வர முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர்தான் பூட்டு. கிண்ணத்தை எடுத்துவிட்டால் குழாய் வாய் நேரே அறைக்குள் திறந்திருக்கும்.

யார் எடுத்தது என்று வீடெல்லாம் தேடினேன். மாடிப்படிக்குக் கீழே, என் பழைய டூல்ஸ் டப்பாவுக்குள் கிடந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெருநாளுக்கு வந்தபோது நானேதான் கழற்றினேன். தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று. போகவும் செய்தது. "பாத்தீங்களா உம்மா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நாலு வருஷமாக உம்மா அந்தக் காற்றில்தான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்திருக்கிறார்கள். போன வருஷம் நான் மூக்கைப் பொத்தியபோது, "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். அழுகிய முட்டை வாசம் அது, ஹைட்ரஜன் சல்பைடு. தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். உம்மாவுக்கு வயதாகிவிட்டது, மோப்பம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தின் விளிம்பு அரித்துப்போயிருக்கிறது. இனி உதவாது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

நவம்பர் 8

தில்லையேந்தலிலிருந்து பிளம்பர் வந்தார். ஸ்பிரிங் கம்பியை முப்பதடி விட்டும் எதிலும் முட்டவில்லை. கொல்லையில் குழி மூடியை நகர்த்தினோம். விளிம்பு வரை தண்ணீர்.

"அடைப்பு இல்ல காக்கா. குழி ரொம்பிருச்சு. ஒரு பையனை இறக்கி அடிச் சேற்றை வாரச் சொல்வோமா?"

வேண்டாம் என்றேன். அவர் ஐநூறு ரூபாய்க்கு ஆள் இருக்கிறான் என்றார். வேண்டவே வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்க்கிற அளவுக்கு. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அதே வாயுதான் அங்கேயும். அடியில் கனமாகத் தங்கியிருக்கும். அளவு மீறினால் வாசமே தெரியாது, அப்படியே சாய வேண்டியதுதான். பிளம்பருக்கு முகம் வாடிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் லாரி வந்து உறிஞ்சிப் போனது. ஒரு வாளி ஊற்றினேன். இரண்டு நிமிடம். லாத்தாவுக்குப் போன் போட்டு, முடிந்தது என்று சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முடியவில்லை. சுபுஹுக்கு, விடிகாலைத் தொழுகைக்கு, எழுந்து பார்த்தால் குழி மறுபடி முக்கால்வாசி. ஒரு ராத்திரியில் யாருமே ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன், குழியிலும் அளந்தேன். இரண்டிலும் ஒரே மட்டம்.

கடற்கரை மணல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நாலடி ஆழத்துக்கு ஏறிவிடுகிறது. பக்கவாட்டு உறைகளின் இடுக்கு வழியாக அதுதான் உள்ளே வருகிறது. எத்தனை லாரி வந்தாலும் கடலையா இறைக்க முடியும்? கோடையில் எல்லாம் சரியாக இருக்கும், ஐப்பசியில் நிற்கும். அப்படியானால் ரமலானில் நின்றது முடி. இப்போது நிற்பது குழி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இத்தனை நாளை வீணாக்கினேன்.

உம்மா விழுந்தது போன மாதம், முதல் மழை பெய்த மறுநாள். சுபுஹு நேரம்.

நவம்பர் 10

உம்மாவுக்குச் சுரம். 101. எதுவும் செய்யத் தோன்றவில்லை.

நவம்பர் 11

சுரம் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவே வழி சொன்னார்கள். குழி கதையை லாத்தா சொல்லியிருப்பாள் போல. "முன்னெல்லாம் குளிச்ச தண்ணி குழிக்கு எங்கடா போச்சு? தென்னைக்குல்ல போகும்." உண்மைதான். எனக்கு ஆறேழு வயது வரை குளியல் தொட்டியிலிருந்து ஓடை ஒன்று கொல்லைத் தென்னைக்கு ஓடும். காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். பாத்ரூம் கட்டியபோது எல்லாவற்றையும் ஒரே குழியில் சேர்த்துவிட்டார்கள். கக்கூஸ் தண்ணீர் குழிக்குப் போகட்டும். குளித்த தண்ணீர் மேலாக, தென்னைப் பாத்திக்குப் போனால் போதும்.

அளந்தேன். பதினெட்டு அடி. 40 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும், அப்படியென்றால் கடைசியில் ஐந்தரை அங்குலம் இறக்கம். குளியலறைத் தரை உயரம்தான், இறக்கம் கிடைக்கும். நாளைக்குக் கொத்தனார் வருகிறார். வீடு லாத்தா பேரில் இருக்கிறது, அவளிடம் கேட்டேன். "தரையைக் கொத்து, சுவரைக் கொத்து, எதையோ பண்ணு. உம்மா வழுக்கக் கூடாது" என்றாள்.

நவம்பர் 12

கொத்தனார் லெவல் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். பதினெட்டு அடி தள்ளி அவர். ட்யூபுக்குள் தண்ணீர் அசைந்து அசைந்து நிற்கும்வரை இருவரும் பேசவில்லை. மூன்று அங்குலக் குழாய், புது ட்ராப். பழைய குழாய் வாயை சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. தென்னையைச் சுற்றிப் பாத்தி வெட்டி ஓட்டாஞ்சில்லும் தேங்காய் மட்டையும் போட்டோம், தண்ணீர் தேங்காமல் இறங்கட்டும் என்று.

நவம்பர் 13

நாற்பது வினாடி. மூன்று முறை பார்த்தேன்.

ஆனாலும் ராத்திரி லேசாக அதே வாசம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீடெல்லாம் மோந்துகொண்டே அலைந்தேன். மாடி பாத்ரூம். இரண்டு வருஷமாக யாரும் புழங்கவில்லை, ட்ராப்பில் தண்ணீர் வற்றிக் காய்ந்துகிடக்கிறது. பூட்டில்லாத இன்னொரு வாய். ஒரு வாளி ஊற்றி, மேலே ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டேன். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

கைப்பிடிக் கம்பி எவர்சில்வரில் மாட்டியாயிற்று. என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். கடப்பாக் கல்லைப் பெயர்த்துச் சொரசொரப்பு டைல்ஸ் போட நாள் போதவில்லை. ரப்பர் பாய் விரித்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

பரமக்குடி தாண்டிவிட்டார்களாம். மழை தூறுகிறது. கடைசியாக ஒரு வாளி ஊற்றிவிட்டு, தரையைத் துணி வைத்துத் துடைக்கிறேன். காய வேண்டும். சன்னலைத் திறந்தே